ராபர்ட் குரோஸ்டெஸ்ட் அத்தியட்சரும் மாணாக்கர் குடிக்கூலியும்

லிங்கன் நகரத்து அத்தியட்சராயிருந்து 1253-ஆம் ஆண்டில் மறைந்த ராபர்ட் குரோஸ்டெஸ்ட் என்னும் பெரியாரைத் தத்துவ நூல் பயில்வோர் ஒருவாறும், விஞ்ஞான வரலாறு பயில்வோர் பிறிதொருவாறும், திருச்சபைச் சரித்திரம் பயில்வோர் மற்றொருவாறும் அறிவர். அரிஸ்டாட்டிலின் ஒழுக்க நூல் முழுவதையும் கிரேக்கத்தினின்று இலத்தீனுக்குப் பெயர்த்தவர் அவர். ஒளியானது ஒரு புள்ளியினின்று எத்திசையும் பரந்து உலகுக்கு வடிவு தந்தது என்று நூலெழுதியவர் அவர். தமக்கு மேற்பட்ட பாப்பரசரின் கட்டளையையே தகாததென்று மறுத்தவரும் அவரே. இவற்றையெல்லாம் ஈண்டு நாம் விரித்தெழுதப் புகவில்லை. கற்றோர் பெரும்பாலும் கண்ணெடுத்துப் பாராத வேறொரு பகுதி அவர் வாழ்க்கையில் உண்டு. ஊர்விட்டு ஊர் வந்து படிக்கும் பிள்ளைகள் எங்கே தங்குவது, அதற்கு என்ன கூலி கொடுப்பது, அக்கூலியை இன்னதென்று வரையறுப்பவர் யார் என்னும் வினாக்களோடு அவர் பெயர் பிணைந்து நிற்கிறது. நம்மவருட் பலர், மாதமுடிவில் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டும் ஓசையை அறிந்தவராதலின், இவ்வரலாறு அவர்க்கு அயலானதாயிராது.

இங்கிலாந்தின் கீழ்ப்பாலுள்ள சபோக் நாட்டில், 1170-ஆம் ஆண்டையடுத்து, வறிய குடியொன்றில் அவர் பிறந்தார். குரோஸ்டெஸ்ட் என்பதற்குப் பிரெஞ்சு மொழியிற் பெரிய தலை என்பது பொருள். அப்பெயர் அவர்க்குப் பொருந்தாதென்று ஒருவரும் சொன்னதில்லை. இளமையிலேயே சட்டமும் வைத்தியமும் கற்றிருந்தாரென்று, அந்நாளிற் புகழ்பெற்றிருந்த ஜெரால்டு என்னும் வேல்ஸ் தேசத்து ஆசிரியர் ஹெரிபோர்டு அத்தியட்சருக்குப் பரிந்துரை எழுதியனுப்பினார். குடிப்பிறப்பின் தாழ்வைக் குறித்து அவர் நாணியதே இல்லை. இழிந்த குலத்தில் தோன்றிய இவர்க்கு இத்துணை உயர்ந்த பழக்கவழக்கம் எங்ஙனம் வந்ததென்று பிரபு ஒருவர் வியந்தபோது, வேதாகமத்திற் கண்ட அரசரிடத்தும் ஞானியரிடத்தும் தாம் வளர்ந்ததாக அவர் விடை கூறினாரென்று ஒரு பழைய ஏடு சொல்லும். வறுமையிற் படித்த ஒருவர் பிற்காலத்தில் மாணாக்கர் தலைவராகவும் அத்தியட்சராகவும் உயர்ந்தாரென்பதை மனத்திற் கொண்டு மேற்செல்வோம்.

அக்காலத்து ஆக்ஸ்போர்டை இக்காலத்து ஆக்ஸ்போர்டாக எண்ணுவோர் ஏமாறுவர். இன்று அங்கே காணப்படும் மாடமாளிகைகளுள் ஒன்றேனும் அன்று கிடையாது. சர்வகலாசாலைக்கு ஒரு சொந்தக் கட்டடமுமில்லை. ஆசிரியர் கூலிக்கு எடுத்த அறையிற் பாடம் சொல்வார்; மாணாக்கர் சிலர் கூடி நகரத்தார் வீடொன்றைக் கூலிக்கு எடுத்து, தம்முள் ஒருவரைப் பொறுப்பாளராக்கி, ஒன்றாய் உண்டு ஒன்றாய் உறங்குவர். ஆதலால் சர்வகலாசாலை என்பது கட்டடமாயிராமல் ஆட்களாயிருந்தது. மனம் கசந்தால் ஏடுகளை மூட்டை கட்டிக்கொண்டு அவர்கள் வேறு ஊருக்குப் புறப்பட்டுவிடலாம். வீட்டுக்காரர் கையிலிருந்தது கூலியை உயர்த்தும் வலிமை. மாணாக்கர் கையிலிருந்தது ஊரைவிட்டு நீங்கும் வலிமை. இவ்விரண்டும் மோதிய மோதலே நாம் சொல்லப்போகும் கதை.

1209-ஆம் ஆண்டில், அங்ஙனம் கூலிவீட்டிற் குடியிருந்த மாணாக்கன் ஒருவனால் ஒரு பெண் உயிரிழந்தாள். தற்செயலாய் நேர்ந்ததென்று அக்காலத்துச் சரித்திரக்காரர் எழுதிவைத்தார். குற்றவாளி ஓடிப்போனான். நகரத் தலைவரும் மற்றையோரும் திரண்டு வந்து பார்த்து, அவனைக் காணாமல், அவனோடு சேர்ந்து அவ்வீட்டைக் கூலிக்கு எடுத்திருந்த தோழரைப் பிடித்தனர். பிடிபட்டோர் மூவர் என்பாரும் உளர்; இருவர் என்பாரும் உளர். ஜான் அரசரின் இசைவு பெற்று அவர்களைத் தூக்கிலிட்டனர். ஒரே கூரையின் கீழ் உறங்கினர் என்பதன்றி அவர்கள்மீது வேறு குற்றம் கூறப்படவில்லை. ஆசிரியரும் மாணாக்கரும் அன்றே ஆக்ஸ்போர்டைத் துறந்தனர். சிலர் ரெடிங்கிற்கும், சிலர் பாரிஸுக்கும், சிலர் கேம்பிரிட்ஜுக்கும் போயினர். கேம்பிரிட்ஜ்ச் சர்வகலாசாலையின் தோற்றம் இதுவே.

ஐந்தாண்டுகள் கழிந்தன. ஜான் அரசர் பாப்பரசருக்குப் பணிந்தார். அரசரே பணிந்தபின் ஆக்ஸ்போர்டு நகரத்தார் எம்மாத்திரம்? குடிகள் போய்விட்ட வீடுகளுக்குக் கூலி தருவாருமில்லை, உணவுப்பண்டம் வாங்குவாருமில்லை. பாப்பரசரின் தூதராகிய நிக்கொலாஸ் என்னும் கார்டினலிடம் அவர்கள் சமாதானம் வேண்ட, அவர் 1214-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு தீர்ப்போலை வழங்கினார். அவ்வோலையை நாம் சிறிது நின்று நோக்குதல் தகும்.

தூக்கிலிட்டதாக ஒப்புக்கொண்டவர்கள் காலில் மிதியடியும் தலையிற் குல்லாயும் இன்றி இறந்தோர் புதைகுழிக்குச் சென்று, அவ்வுடல்களை முறைப்படி அடக்கம் செய்யவேண்டும் என்பது ஒரு கட்டளை. அது பெரும்பாலும் மானத்தைப் பற்றியது. பொருளைப் பற்றிய கட்டளையே நமக்கு வேண்டுவது. மாணாக்கர் ஊரைவிட்டு நீங்குமுன் இரு திறத்தாரும் ஒத்து வரையறுத்திருந்த கூலியில் பாதியை, பத்தாண்டுகளுக்கு, வீட்டுக்காரர் தள்ளிவிடவேண்டும். அதன்பின் இன்னும் பத்தாண்டுகளுக்கு அப்பழைய கூலியையே வாங்கவேண்டும். மேலே ஒரு காசும் ஏற்றலாகாது. புதிதாகக் கட்டிய வீடுகளுக்கும், இனிக் கட்டப்போகும் வீடுகளுக்கும், இதுகாறும் மதிப்பிடப்படாத வீடுகளுக்கும், ஆசிரியர் நால்வரும் நகரத்தார் நால்வரும் கூடியிருந்து கூலியை மதிப்பிடவேண்டும். உணவுப்பண்டங்களை நியாயமான விலைக்கே விற்கவேண்டும். ஆண்டுதோறும் ஐம்பத்திரண்டு சில்லிங்கு ஏழை மாணாக்கருக்கென நகரத்தார் கொடுக்கவேண்டும். அஃதாவது வாரத்துக்கு ஒரு சில்லிங்காகிறது. டிசம்பர் 6-ஆம் நாள், நிக்கொலாஸ் திருநாளில், ஏழை மாணாக்கர் நூற்றுவருக்கு அப்பமும், பீர்ச் சாராயமும், கூழும், மீனோ இறைச்சியோ ஒரு கறியும் அளித்து விருந்து செய்யவேண்டும். தூதரின் பெயரும் அத்திருநாளின் பெயரும் ஒன்றாயிருத்தலை நாம் கண்டு புன்னகை செய்யலாம்.

இவற்றுள் எட்டுப் பேர் கொண்ட மதிப்பீட்டுச் சபையே நம் கருத்தில் மிகச் சிறந்த பகுதி. தண்டனையாக விதித்த பாதிக்கூலி பத்தாண்டில் தீர்ந்துபோம். ஆனால் வீட்டைக் கொடுப்பவனும் கொள்பவனும் சமமான எண்ணிக்கையில் அமர்ந்து விலை பேசும் ஏற்பாடு தண்டனையன்று. அஃது ஓர் ஆட்சிமுறை. இம்முறை ஆக்ஸ்போர்டுக்கு மட்டும் உரியதுமன்று. இத்தாலியில், போலோனா நகரத்தில், மாணாக்கர் குடியிருக்கும் வீட்டுக்கு மற்றொரு மாணாக்கனோ ஆசிரியனோ கூடுதல் கூலி சொல்லி அவரைக் கிளப்பலாகாதென்னும் விதியைப் பாப்பரசர் மூன்றாம் கிளெமென்டு 1189-லேயே உறுதிசெய்தார். பாரிஸ் ஆசிரியருக்கோ, கூலி மதிப்பிடும் உரிமை பறிக்கப்படுமாயின் பாடம் சொல்வதையே நிறுத்திவிடலாமென்று 1231-இல் பாப்பரசர் ஒன்பதாம் கிரெகோரி அனுமதி தந்தார். அவ்வாண்டிலேயே மூன்றாம் ஹென்றி அரசர் கேம்பிரிட்ஜ் நகரத் தலைவருக்கு ஓலை விடுத்து, ஆசிரியர் இருவரும் நகரத்தார் இருவரும் சேர்ந்து கூலியை வரையறுக்குமாறு பணித்தார். மிஞ்சிய கூலி கேட்டால் மாணாக்கர் போய்விடுவர் என்ற அச்சம் அரசரையும் பிடித்திருந்தது.

இனி நம் பெரியாரிடம் வருவோம். 1214-ஆம் ஆண்டின் ஓலையிலே, மாணாக்கருக்கு மேலாக லிங்கன் அத்தியட்சர் நியமிக்கும் ஒரு தலைவரைப் பற்றிய பேச்சு முதன்முறையாகக் காணப்படுகிறது. அப்பதவியில் முதன்முதல் அமர்ந்தோருள் குரோஸ்டெஸ்ட் ஒருவர். ஆயினும் சான்ஸலர் என்ற பட்டத்தை வைத்துக்கொள்ள அந்நாளைய அத்தியட்சர் அவரை விடவில்லை. மாணாக்கர் தலைவர் என்றே அவர் வழங்கப்பட்டார். பட்டம் எதுவாயினும் வேலை ஒன்றே. மாணாக்கர் வழக்குகளை விசாரிப்பதும், நகரத்தாரோடு அவர்களுக்காகப் பேசுவதும் அவ்வேலையின் கூறுகள். அவற்றுட் கூலிவழக்கு எத்துணைப் பெரும்பகுதியாயிருந்திருக்கும் என்பதை வாசிப்போர் தாமே ஊகித்தறிக.

பிரான்சிஸ்கு சபைத் துறவிகள் 1224-இல் ஆக்ஸ்போர்டுக்கு வந்தனர். ஏழ்மையை விரதமாகக் கொண்ட அவர்கள் ஒரு பாடசாலை அமைத்து, தங்களுக்குப் போதிக்க வருமாறு குரோஸ்டெஸ்டை வேண்டினர். நாடெங்கும் பேர்பெற்ற ஆசிரியராகிய அவர் அவ்வெளிய கூரையின் கீழ்ச் சென்றமர்ந்து 1235 வரையிற் போதித்தார். இடையில், 1232-இல், தமக்கிருந்த வருவாயுள்ள பதவிகளுள் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் துறந்துவிட்டார். நோயுற்று எழுந்தபின் செய்த முடிவு அது. அவர் போதித்துக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளிலேயே, 1234-இல், முன்னே நாம் கண்ட இருபதாண்டுத் தவணையும் தீர்ந்தது.

1235-ஆம் ஆண்டில் அவரையே லிங்கன் அத்தியட்சராகத் தெரிந்துகொண்டனர். லிங்கன் மறைமாவட்டம் அக்காலத்து இங்கிலாந்தில் மிகப் பரந்தது. ஆக்ஸ்போர்டும் அதனுள் அடங்கும். இவ்வாறு, முன்னே எந்த மாணாக்கருக்குத் தலைவராயிருந்தாரோ அவர்களுக்கே இப்போது மேலதிகாரியுமானார். அப்பதவி அவரைச் சும்மா இருக்கவிடவில்லை. 1238-இல், பாப்பரசரின் தூதர் ஓட்டோ என்பவர் ஆக்ஸ்போர்டையடுத்த ஆஸ்னி மடத்திலே தங்கியிருந்தபோது, வரவேற்கச் சென்ற மாணாக்கரை வாயில் காப்போன் உள்ளே விடவில்லை. கலகம் விளைந்தது. பிச்சை கேட்டு நின்ற அயர்லாந்து தேசத்தான் ஒருவன் முகத்தில் தூதரின் சமையற்காரன் கொதிநீரை வீசினான். அதைக் கண்ட வேல்ஸ் தேசத்து மாணாக்கன் ஒருவன் அம்பெய்து அச்சமையற்காரனைக் கொன்றான். தூதர் கோபுரத்தில் ஒளிந்திருந்து இரவில் தப்பி ஓடினார். மாணாக்கர் பலர் சிறைப்பட்டனர். குரோஸ்டெஸ்ட் அவர்கள் பக்கம் நின்று வாதாடினார். முடிவில் ஆசிரியரும் மாணாக்கரும் இலண்டன் தெருவிலே வெறுங்காலோடு நடந்து போய்த் தூதரிடம் மன்னிப்புப் பெற்றனர். இருபத்துநான்கு ஆண்டுகளுக்குமுன் நகரத்தாருக்கு விதித்த வெறுங்கால் நடை இப்போது மாணாக்கருக்கு வந்து வாய்த்தது.

கூலியைப் பற்றிய வழக்கில் அவர் செய்த நிலையான காரியம் 1240-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நகரத்தார் செலுத்தவேண்டிய ஐம்பத்திரண்டு சில்லிங்கை அவர்களுக்கு ஈடாக எயின்ஷம் மடத்தார் செலுத்திவந்தனர். அப்பணத்தை ஏழைகளுக்குச் சில்லறையாய்ப் பங்கிட்டுக் கொடுத்துத் தீர்ப்பதை அவர் விரும்பவில்லை. பிரைட்ஸ்வைடு என்னும் புனிதவதியின் பெயர்கொண்ட மடத்திலே ஒரு பெட்டியை வைக்கச்செய்து, அதில் அப்பணத்தைச் சேர்த்து, ஏழை மாணாக்கருக்கு வட்டியில்லாக் கடனாகக் கொடுக்குமாறு விதி வகுத்தார். கடன் வாங்குவோன் தன் ஏட்டையோ, கிண்ணத்தையோ, வேறு பொருளையோ ஈடு வைக்கவேண்டும். திருப்பித் தந்தபின் அதே பணம் அடுத்தவனுக்குப் போகும்.

இதன் நுட்பத்தைப் பாருங்கள். மாணாக்கன் கையில் எப்போதும் பணமில்லாமற் போவதில்லை. வீட்டிலிருந்து வரும் பணம் காலத்தில் வந்து சேராமையே அவனுடைய இடர். வீட்டுக்காரனோ தவணை தவறினாற் பொறுக்கமாட்டான். அவ்விடைவெளியிலேதான் மாணாக்கன் வட்டிக்கடைக்கு ஓடினான். வட்டி எவ்வளவு? 1248-இல் அரசர் ஆக்ஸ்போர்டு மாணாக்கருக்குச் சலுகை காட்டி, பவுன் ஒன்றுக்கு வாரம் இரண்டு பென்னிக்கு மேல் வாங்கலாகாதென்று வரையறுத்தார். பவுனுக்கு இருநூற்று நாற்பது பென்னியாதலின், ஆண்டுக்கு நூற்றி நான்கு பென்னி. அஃதாவது நூற்றுக்கு நாற்பத்துமூன்றுக்கு மேல். சலுகையே இவ்வாறாயின் முன்னிருந்த நிலையைச் சொல்லவேண்டுவதில்லை. குரோஸ்டெஸ்டின் பெட்டியைப் பார்த்து, பின்வந்த தருமவான்கள் பலர் அவ்வகைப் பெட்டிகளை ஆக்ஸ்போர்டில் நிறுவினர். கூலியைக் குறைப்பது ஒரு வழி. கூலியைச் செலுத்தும் ஆற்றலைக் காப்பது மற்றொரு வழி. அவர் பிடித்தது இரண்டாவது வழி.

1244-ஆம் ஆண்டின் செய்தியை நாம் மகிழ்வோடு எழுத இயலாது. கடன்பட்ட மாணாக்கர் கும்பலாய்த் திரண்டு ஆக்ஸ்போர்டு யூதர் தெருவைக் கொள்ளையிட்டனர். நாற்பத்தைவர் சிறையிலிடப்பட்டனர். அத்தியட்சர் தலையிட்டு அவர்களை விடுவித்தார். யூதர் கடன் கொடுப்போராக மட்டுமன்றி மாணாக்கருக்கு வீடு கொடுப்போராகவும் இருந்தனர். யாக்கோபு மண்டபம், மோசே மண்டபம் என்ற பெயர்கள் அதற்குச் சாட்சி. தம் பிள்ளைகளைச் சிறையினின்று மீட்டவர், கொள்ளைபோன வீட்டாரின் குறையை அதே ஊக்கத்தோடு விசாரித்தாரென்று நாம் எங்கும் படிக்கவில்லை. தம் காலத்தார் யூதரிடம் கொண்டிருந்த வெறுப்பினின்றும் அவர் நீங்கினவரல்லர். 1290-இல் யூதர் இங்கிலாந்தைவிட்டே துரத்தப்பட்டனர்.

அவ்வாண்டு மே மாதத்தில் அரசர் சர்வகலாசாலைக்கு மற்றொரு வரமும் தந்தார். மாணாக்கரைச் சேர்ந்த கடன், வீட்டுக்கூலி, குதிரைக்கூலி, உடை, உணவு ஆகிய வழக்குகளைச் சான்ஸலரே விசாரித்துத் தீர்க்கலாம் என்பது அது. மாணாக்கருக்கு இது பெரிய வெற்றியே. ஆனால் ஒரு திறத்தாரின் தலைவரே இரு திறத்தாருக்கும் நீதிபதியாதல் எங்ஙனம் பொருந்தும்? 1214-இன் எட்டுப்பேர் சபையில் நகரத்தாருக்கும் இடமிருந்தது. இவ்விசாரணை மன்றில் அவர்கள் வழக்காடுவோராய் நிற்கவேண்டியதே. பின்னாளில் மாணாக்கருக்கு ஒருமுறை விட்ட வீட்டை, உடையவன் தானே குடிபுகுந்தாலன்றி, வேறொருவருக்கு விடலாகாதென்ற வழக்கமும் வேரூன்றியது. ஊரார் நெஞ்சிற் புகைந்த புகை 1355-ஆம் ஆண்டு பெப்ருவரியில் தீயாய் எழுந்தது. மதுக்கடைச் சண்டையொன்றில் தொடங்கி, மூன்று நாட் கலகத்தில் மாணாக்கர் அறுபத்துமூவர் மடிந்தனர் என்பர். அதற்குக் கழுவாயாக நகரத்தார் ஆண்டுதோறும் செய்துவந்த சடங்கு 1825-இல் நின்றது. சிறுபான்மையோராகிய மாணாக்கருக்குக் காப்பு வேண்டியது மெய்யே. அக்காப்பு நீதிபீடமாக வளர்ந்தமை தவறென்பது நம் கருத்து.

அத்தியட்சரின் இறுதிக் காலம் போராட்டமாகவே கழிந்தது. 1250-இல், எண்பதையணுகிய வயதில், லியோன் நகரத்துக்குச் சென்று பாப்பரசரின் சபையிலேயே திருச்சபையின் குறைகளை எடுத்துரைத்தார். 1253-இல் பாப்பரசர் நான்காம் இன்னொசென்டு தம் உறவினனாகிய பிரெடெரிகோ என்பவனுக்கு லிங்கனில் ஒரு பதவி கொடுக்கும்படி கட்டளை விடுக்க, அதை மறுத்தார். ஊரில் வந்து வாழாமல், மக்களுக்கு ஊழியம் செய்யாமல், வருவாயை மட்டும் வாங்கிப்போவோனை அவர் ஏற்கவில்லை. அவ்வாண்டு அக்டோபர் மாதம் பக்டன் என்னுமிடத்திற் காலமானார். தம் ஏடுகளை ஆக்ஸ்போர்டுப் பிரான்சிஸ்கு மடத்துக்கு வைத்துச் சென்றார். அவரைப் புனிதர் வரிசையிற் சேர்க்குமாறு பின்வந்தோர் பலமுறை விண்ணப்பித்தும் பயன் விளையவில்லை.

அவர் மறைந்த பதினோராவது ஆண்டில், 1264-இல், வால்டர் தெ மெர்ட்டன் என்பவர் தம் கல்லூரிக்கு முதற் சாசனம் எழுதினார். அதன்பின் கல்லூரிகள் பெருகின; மாணாக்கர் சிறுகச்சிறுக நகரத்தார் வீட்டினின்று கல்லூரி மதிலுக்குள் நகர்ந்தனர். ஆனால் கல்லூரிக்குள் உறைவதற்குச் செலவு மிகுதி. 1868-இல், ஏழைகளுக்கும் இடமுண்டாகும்பொருட்டு, மாணாக்கர் மீண்டும் வெளி வீடுகளில் தங்கலாமென்று விதியைத் தளர்த்தினர். அவ்வீடு சர்வகலாசாலையின் உத்தரவுச்சீட்டுப் பெற்றதாயிருக்கவேண்டும் என்பது நிபந்தனை.

இப்போது அச்சீட்டு வழங்கும் அதிகாரம் நகரசபையைச் சேர்ந்தது. இங்கிலாந்தில் 2004-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம், ஒரே குடும்பத்தைச் சேராத பலர் கூடி வாழும் பெரிய வீடுகளுக்கு லைசென்ஸைக் கட்டாயமாக்கியது; சிறிய வீடுகளையும் சேர்த்துக்கொள்ளும் உரிமையை நகரசபைகளுக்கு அளித்தது. ஆக்ஸ்போர்டு நகரசபை 2011-இல் தொடங்கிப் படிப்படியாக அவ்வகை வீடுகள் அனைத்துக்கும் லைசென்ஸு வேண்டுமென விதித்தது. தீயறிவிக்கும் கருவி உண்டா, குடியிருப்போர் தொகைக்கேற்ற சமையலறையும் குளிப்பறையும் உண்டா என்று அதிகாரிகள் பார்க்கின்றனர். வளர்ந்த ஒருவர் உறங்கும் அறை 6.51 சதுர மீட்டருக்குக் குறையலாகாதென்று 2018-இல் நாடெங்கும் ஒரு விதியும் பிறந்தது. 1214-இன் ஓலை கூலியை அளந்தது, அறையை அளக்கவில்லை. இன்றைய சீட்டு அறையை அளக்கிறது; கூலியைத் தொடுவதில்லை. லைசென்ஸுக்குக் கட்டும் பணத்தை வீட்டுக்காரர் கூலியோடு ஏற்றிவிடாமற் பார்த்துக்கொள்ள, ஆசிரியர் நால்வரும் நகரத்தார் நால்வரும் கூடியமரும் அச்சபை இன்று அவ்வூரில் இல்லை.